காக்கா எச்சம் பட்ட பெயின்ட்: ஊறவைப்பது, தேய்ப்பது, எங்கே நிறுத்துவது

மரத்தடி பார்க்கிங்

வேப்பமரம், அரசமரம், நாவல் மரம் இருக்கிற தெருவில் வண்டி நிறுத்துறவங்களுக்கெல்லாம் தெரிஞ்ச தலைவலிதான். எச்சத்தைக் கழுவியாச்சு, ஆனா பானட்டில் வட்டமா ஒரு மங்கல் மட்டும் போகமாட்டேங்குது. இதைக் கையாண்டு பழகினவங்க விவரமா எழுதுங்க. முக்கியமா கறுப்பு, அடர்நீல வண்டிகளுக்கு.

டீட்டெய்லிங் வேலை, கோவை

பறவைக்குச் சிறுநீர் தனியா வராது. மலத்தோடு சேர்ந்து ஒரே வழியில் வெளியேறும். அந்த வெள்ளைப் பசைதான் யூரிக் அமிலம். தண்ணியில் லேசில் கரையாது. ஒரு மக் தண்ணி ஊத்தினா கறுப்பு ஓடிப்போய் வெள்ளை அப்படியே நிற்கிறது அதனால்தான்.

அமிலம் மட்டும் பெயின்டை அரிக்கிறதில்லை, வெயிலுக்கும் பங்கு உண்டு. மே மாச வெயிலில் கறுப்பு பானட் 70 டிகிரியைச் சாதாரணமாத் தாண்டும். அந்தச் சூட்டில் கலருக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், கொஞ்சம் இளகி விரியும். சாயங்காலம் ஆறும்போது சுருங்கும். இதுக்குள்ள எச்சம் காய்ஞ்சு கல்லாகியிருக்கும். சுருங்குற கிளியர் அந்தச் சொரசொரப்பை அச்செடுத்துக்கும். டிசம்பரில் ரெண்டு நாள் கிடந்தும் தடம் விடாத எச்சம், கோடையில் ஒரே மதியத்தில் தடம் பதிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

எடுக்கிற முறை: முதல்ல வண்டியை நிழலில் விட்டு பானட் ஆறட்டும். டிஷ்யூ பேப்பரையோ மைக்ரோஃபைபர் துணியையோ வெதுவெதுப்பான தண்ணியில் நனைங்க. கார் ஷாம்பு ரெண்டு சொட்டு போதும். எச்சத்து மேல போர்த்தி 10 நிமிஷம் விடுங்க, நடுவில் காய்ஞ்சா மறுபடி நனைங்க. அப்புறம் துணியோடு சேர்த்துக் கிள்ளி, மேல்நோக்கித் தூக்கணும். வட்டமாத் தேய்க்கவே கூடாது. எச்சத்துக்குள்ள பழக்கொட்டையும், பறவை விழுங்கின மணலும் பொடிக்கல்லும் இருக்கும். தேய்ச்சா அது அத்தனையும் கீறலா விழும். மிச்சத்துக்கு இன்னொரு சுத்தமான துணி. அதே துணியை அலசி மறுபடி பானட்டில் வைக்காதீங்க.

நகம், ஏடிஎம் கார்டு, ஸ்க்ரப்பர் எதுவும் வேண்டாம். கண்ணாடியில் விழுந்திருந்தா வைப்பரைப் போடாதீங்க, பிளேடு ரப்பரும் போகும், கண்ணாடி முழுக்க வெள்ளையும் பூசிக்கும்.

மரத்தடி பார்க்கிங்

சமையல் சோடா போட்டா அமிலம் முறியும்னு ஒரு வீடியோவில் சொல்றாங்களே?

டீட்டெய்லிங் வேலை, கோவை

கால் லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன், முழுசாக் கரைச்சு நனைச்சா தப்பில்லை. ஆனா வெறும் தண்ணியில் ஊறவைக்கிறதைவிடப் பெருசா எதுவும் நடக்காது. விழுந்த தடம் அதனால் மறையாது. கரையாத தூளைப் போட்டுத் தேய்க்கிறதுதான் ஆபத்து, அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். வினிகர், எலுமிச்சை ரெண்டும் அமிலத்து மேல அமிலம். பாத்திரம் கழுவுற லிக்விட் மெழுகை உரிச்சுடும். பெட்ரோலும் தின்னரும் ரீபெயின்ட் பண்ணின பேனலை இளக்கிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீங்க.

பெயின்ட் பூத், மதுரை

கழுவிய பிறகு தடம் இருந்தால், கையில் காம்பவுண்டை (பாலிஷைவிடச் சொரசொரப்பான தேய்ப்புப் பசை) எடுக்கும் முன் ஆழத்தைப் பாருங்கள். கம்பெனி பெயின்டின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளின் கனம். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். நீங்கள் தேய்ப்பது எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும்.

இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் தடம் காணாமல் போனால் மேலோட்டமானது. ஈரத்திலும் தெரிந்தால் கலர் வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, எல்இடி டார்ச்சைச் சாய்வாக அடித்து விளிம்பைக் கவனியுங்கள், நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் பாலிஷ் போதும். லேசாகத் தட்டினால் வாட்டர் பேப்பர் (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்) வேலை. கிளியர் வெடித்துச் செதில் செதிலாக எழும்பியிருந்தால் எதைத் தேய்த்தும் பயனில்லை, பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

பழைய வண்டிகளில், சில சாலிட் கலர்களில் கிளியரே இருக்காது. துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து மறைவான ஓரத்தில் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் வரும். அப்படி வந்தால் தேய்ப்பு, அழுத்தம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள்.

டீட்டெய்லிங் வேலை, கோவை

பாலிஷுக்கு முன்னாடி ஒண்ணு. புதுத் தடம்னா சூடே சிலசமயம் உதவும். நல்லாக் கழுவி, அடுத்த நாள் மதிய வெயிலில் நிறுத்திட்டுப் பாருங்க. பாதி வட்டம் தானாவே அடங்கும், சிலதில் ஒண்ணுமே ஆகாது. ஹேர் டிரையர்னா ஒரு ஜாண் தள்ளிப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருக்கணும், கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்திடணும். ஆறின பிறகு பாருங்க. பிளாஸ்டிக் பம்பரிலும் ரீபெயின்ட் பேனலிலும் இதைச் செய்யாதீங்க. ஹீட் கன் வேண்டவே வேண்டாம்.

இனி பாலிஷ். எப்பவும் மெல்லிய பாலிஷில் ஆரம்பிங்க, காம்பவுண்ட் ரெண்டாவதுதான். பேனல் ஓரம், பாடி லைன் மடிப்பு எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப். அங்கே பெயின்ட் மெலிசு, ஒரு நொடியில் பிரைமர் எட்டிப் பார்க்கும். டிஏ மெஷின்னா (சுத்திக்கிட்டே ஆடுற பாலிஷ் மெஷின்) 3 இன்ச் ஃபோம் பேடு, பட்டாணி அளவு நாலு சொட்டு, ஒண்ணரை அடிச் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமா நாலு பாஸ். கையால்னா ஃபோம் அப்ளிகேட்டரில் நேர்க்கோடாத் தேய்ங்க. தடத்தை மட்டும் அழுத்தித் தேய்ச்சா அந்த இடம் குழிஞ்சு, பக்கத்து வெளிச்சத்தில் வளைஞ்சு தெரியும். சுத்தி அரையடி வரைக்கும் அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே போகணும்.

அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைங்க. பாலிஷில் இருக்கிற எண்ணெய் தடத்தை மூடிக்கிட்டு நல்லாயிருச்சுன்னு ஏமாத்தும், ரெண்டு தடவை வாட்டர் வாஷ் ஆனதும் வட்டம் திரும்ப வந்து நிற்கும். கடைக்காரர்மேல் வர்ற பாதிப் புகார் இதில்தான்.

பெயின்ட் பூத், மதுரை

வாட்டர் பேப்பர் பற்றிச் சேர்க்கிறேன். 2500 நம்பர் தாள், பிறகு அதைவிட மெல்லிய 3000. 2000-க்குக் கீழே இறங்காதீர்கள். தாளைக் கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். சிறிய ரப்பர் பிளாக்கில் சுற்றி, விரல் நுனியால் அழுத்தாமல், ஐந்தாறு இழுப்பு, துடைத்துப் பார்ப்பது, மீண்டும் ஐந்தாறு. வரும் தண்ணீர் பால்போல வெள்ளையாக இருந்தால் கிளியர். அதில் நிறம் கலந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பள்ளத்தின் அடி வரை போக வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது அடி அல்ல, கூரான விளிம்பு. விளிம்பு மழுங்கினாலே ஒளி சிதறுவது குறைந்துவிடும், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கிளியரில்தான் இருக்கிறது. அதைப் பாதிக்குமேல் இழந்த பானட் சில கோடையில் வெளுத்து உரியும். கனம் அளக்கும் கேஜ் இருந்தால் முன்னும் பின்னும் வையுங்கள், மொத்தம் ஐந்து மைக்ரானுக்குமேல் குறையக் கூடாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் எதையும் காட்டாது.

அடிக்க வேண்டிய நிலை வந்தால், பேனல் முழுவதற்கும் கிளியர் அடியுங்கள். நடுவில் முடித்தால் அந்தக் கோடு ஒரு வருடத்தில் எழும்பும். வண்டியின் கலர் குறியீட்டு எண் பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணில் அல்லது பானட்டுக்குள் ஒட்டியிருக்கும். எழும்பிய கிளியரை 800-ல் சரித்து, மற்ற இடத்தை 1000-ல் மங்கலாக்கி, தகரம் தெரிந்தால் மட்டும் பிரைமர். பேஸ் கோட் (கலர்) இரண்டு மூன்று மெல்லிய லேயர், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட இடைவெளி, பிறகு 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) இரண்டு லேயர். ஹார்ட்னர் விகிதம் டப்பாவில் உள்ளபடி. கோடையில் ஸ்லோ தின்னர் வையுங்கள். வேகமான தின்னர் மேலே தோல் கட்டி, உள்ளே மாட்டிய ஆவி ஊசித் துளையாக வெடிக்கும். மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் வெள்ளை பூக்கும். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது நுரையீரலோடு விளையாட்டு.

புதிதாக அடித்த வண்டியை முதல் ஒரு மாதம் மரத்தடியில் விடாதீர்கள். முழுதாக இறுகாத கிளியரில் எச்சம் பதிவதைப்போல வேறெதிலும் பதியாது. அந்த ஒரு மாதம் மெழுகும் போடாதீர்கள்.

புல்லட் பாண்டி

பைக்காரங்களுக்கு: பளபளப்பு இல்லாத மேட் டேங்கில் மேலே சொன்ன பாலிஷ், வாட்டர் பேப்பர் எதையும் பண்ணாதீங்க. பாலிஷ் பட்ட இடம் பளபளன்னு திட்டாயிடும், திரும்ப மேட் ஆகாது. ஊறவச்சு எடுக்கிறது ஒண்ணுதான் வழி. ஸ்டிக்கருக்கு மேல கிளியர் இல்லாத டேங்கில் ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைக்காதீங்க, ஸ்டிக்கர் எழும்பும். பெட்ரோல் போடுறப்போ பங்க்ல ஈரத்துணியால துடைச்சு விடுற பழக்கம் இருக்கே, அந்தத் துணியில பெட்ரோல் இருக்கும்.

மரத்தடி பார்க்கிங்

நாவல் பழ சீசனில் ஊதா எச்சம் விழுதே, வெள்ளைக் காரில்? அப்புறம் செராமிக் கோட்டிங் போட்டா இந்தத் தொல்லை தீருமா?

டீட்டெய்லிங் வேலை, கோவை

ஊதா சாயம், அது பள்ளம் இல்லை. கழுவிட்டு சில நாள் வெயிலில் விடுங்க, பெரும்பாலும் தானா வெளுத்துடும். அவசரப்பட்டுக் காம்பவுண்ட் போட்டா வீணா கிளியரைத்தான் இழப்பீங்க. ராத்திரி வௌவால் துப்புற அத்திப்பழச் சக்கைக்கும் இதேதான்.

செராமிக் எச்சத்தைத் தடுக்காது. சுலபமாக் கழுவ உதவும், கொஞ்சம் நேரம் வாங்கித்தரும், அவ்வளவுதான். கோட்டிங் மேலேயே தடம் விழும். நல்ல மெழுகு நம்ம வெயிலில் ஒண்ணரை ரெண்டு மாசம் தாங்கும். உண்மையான தடுப்பு பிபிஎஃப் ஃபிலிம்தான் (பெயின்ட் மேல ஒட்டுற நிறமில்லாத பிளாஸ்டிக் படலம்), அதிலும் நாள்கணக்கில் விட்டா மஞ்சள் கறை பிடிக்கும். காசு இல்லைன்னா டிக்கியில் அரை லிட்டர் ஸ்பிரே பாட்டிலும் ரெண்டு துணியும் போட்டு வைங்க.

பெயின்ட் பூத், மதுரை

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் புறா எச்சம் வேறு வகை. வெயில் படாததால் தடம் குறைவு, ஆனால் தூளாகக் காய்ந்து படியும். அதைத் துடைப்பத்தால் தட்டவோ புளோயரால் ஊதவோ கூடாது. காய்ந்த புறா எச்சத் தூளில் நுரையீரல் தொற்று உண்டாக்கும் பூஞ்சைகள் இருக்கலாம். முகமூடி, கையுறை போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் தொட வேண்டும். தூசி படிந்த வண்டிமேல் கவர் போட்டு இழுப்பதும் கீறலைத்தான் தரும். கவர் போடுவதானால் கழுவிக் காய்ந்த வண்டிக்குப் போடுங்கள், எச்சம் நனைந்து ஊடுருவிய கவரை அன்றே கழற்றுங்கள்.