லீபர்மன் அந்தப் பட்டியலை எரித்தது சரிதானா?

இளம்பரிதி:
‘தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்’ திரைப்படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். ஐரா லெவின் 1976-இல் எழுதிய நாவலை 1978-இல் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் படமாக்கினார். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் மருத்துவனாக இருந்த யோசப் மெங்கலே தென்னமெரிக்காவில் ஒளிந்திருந்தபடி, ஹிட்லரின் உயிரணுக்களிலிருந்து 94 சிறுவர்களைப் படியெடுத்து (குளோனிங் செய்து) பல நாடுகளில் தத்துக் கொடுத்துவிடுகிறான். ஹிட்லரின் தந்தை அலாய்ஸ் சுங்கத்துறை அதிகாரி; 1903-இல் அவர் 65 வயதில் இறந்தபோது மகனுக்கு 13 வயது. சிறுவர்களும் ஹிட்லரைப் போலவே வளர வேண்டும் என்பதற்காக, அவர்களின் வளர்ப்புத் தந்தையரையும் ஏறத்தாழ அதே வயதில் கொல்வதற்கு மெங்கலே ஆளனுப்புகிறான். ஒளிந்திருக்கும் நாஜிகளைத் தேடிப் பிடிப்பவரான, வியன்னாவில் வாழும் முதியவர் லீபர்மன் இதைத் துப்புத் துலக்குகிறார். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அவரிடம், சிறுவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று எண்ணும் யூத இளைஞன் ஒருவன் பெயர்ப் பட்டியலைக் கேட்கிறான். லீபர்மன் அதற்குத் தீ வைத்துவிடுகிறார். பிறப்பை வைத்துக் குழந்தைகளைக் கொல்வது நாஜிகளின் வேலை என்பதை, அவர்களால் எல்லாவற்றையும் இழந்த ஒருவரே தம் செயலால் உணர்த்துவதால், இந்தக் காட்சியைப் படத்தின் உயிர்நாடி என்பேன்.

கயல்விழி:
இளம்பரிதி அவர்களே, அந்தக் காட்சி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதுவரையான இரண்டு மணி நேரமும் வரலாற்றுக்குத் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. கிரெகரி பெக் நடித்த மெங்கலே வெள்ளுடையில் காட்டு மாளிகையில் உலவும் மாமேதை; உலகெங்கும் கொலையாளிகளை ஏவும் வல்லமை அவனுக்கு உண்டு. உண்மையான மெங்கலே 1949-இல் பொய்ப் பெயரில் அர்ஜென்டினாவுக்குத் தப்பியவன். 1956-இல் புவனோஸ் ஐரிஸில் இருந்த மேற்கு ஜெர்மனித் தூதரகத்துக்கே சென்று, தன் சொந்தப் பெயரில் ஆவணங்கள் பெற்றான். அவனைப் பிடிக்க ஆணை பிறந்ததே 1959-இல்தான். அவன் தப்பித்ததற்குக் காரணம் மேதைமை அன்று. அலுவலக மேசைகளில் அமர்ந்திருந்தவர்களின் அக்கறையின்மை. படமோ அந்த மேசைகளைக் காட்டாமல், நம் பார்வையைக் காட்டு மாளிகைக்குத் திருப்பிவிடுகிறது.

யூதப் படுகொலையை ஒழுங்குசெய்தவர்களுள் ஒருவனான அடால்ஃப் ஐக்மனைக் கண்டுபிடித்த வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். தாகாவு முகாமிலிருந்து மீண்டு அர்ஜென்டினாவில் குடியேறிய, பார்வை மங்கிய லோதர் ஹெர்மன் என்பவர், தம் மகளோடு பழகிய இளைஞனின் குடும்பப் பெயரைக் கேட்டு ஐயுற்று, ஹெஸ்ஸே மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாவருக்கு எழுதினார். தம் நாட்டு அதிகாரிகளே குற்றவாளியை எச்சரித்துவிடுவார்கள் என்று அஞ்சிய பாவர் அச்செய்தியை இஸ்ரேலிடம் ஒப்படைத்தார். 1960 மே 11 அன்று ஐக்மன் பிடிபட்டான். ஒரு கடிதத்தில் தொடங்கிய இந்த வேட்டையைவிடவா குளோனிங் கதை விறுவிறுப்பானது?

இளம்பரிதி:
வரலாற்றில் நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை, அம்மா. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1978 அக்டோபரில் படம் வெளிவந்தபோது மெங்கலே பிரேசிலில் உயிரோடு இருந்தான். நான்கு மாதம் கழித்து, 1979 பிப்ரவரி 7 அன்று, பெர்ட்டியோகா கடற்கரையில் குளிக்கும்போது இறந்தான். வேறொருவன் பெயரில் எம்பு நகரில் புதைக்கப்பட்ட அவன் எலும்புகள் 1985-இல் தோண்டி எடுக்கப்பட்டு, 1992-இல் மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்பட்டன. அவன் பெயர் பொதுமக்கள் நினைவிலிருந்து மறைந்துவிடாமல் காத்ததில் இத்தகைய படங்களுக்கும் பங்குண்டு.

நெடுமாறன் (ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்):
அறிவியலைப் பற்றி ஒரு சொல். ‘மரபணுவே தலைவிதி என்று இப்படம் போதிக்கிறது’ என்று பலர் குறை கூறுவதை நான் ஏற்கவில்லை. மரபணு மட்டும் போதும் என்றால், மெங்கலே எதற்காக 94 தந்தையரைக் கொல்ல வேண்டும்? வளர்ப்பும் வேண்டும் என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. என் குறை வேறு. வளர்ப்பு என்பதை ஒரு வயது, ஒரு சாவு, ஒரு தொழில் என்று சமையற்குறிப்புப்போல் அது சுருக்கிவிடுகிறது. 2001-இல் அமெரிக்காவில் படியெடுக்கப்பட்ட முதல் பூனையை என் மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். உயிரணு தந்த பூனைக்கு மூன்று நிறங்கள். அதன் நகலுக்கோ செம்மஞ்சள் நிறமே இல்லை. எந்த உயிரணுவில், மரபணுக்களைத் தாங்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் எது அடங்கிப்போகிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரு பூனையின் நிறத்தையே நகலெடுக்க முடியாதபோது, 1903-இன் ஆஸ்திரியாவை 94 வீடுகளில் எப்படி நகலெடுப்பது? அதோடு, படியெடுக்கப்பட்ட டோலி ஆட்டுக்குட்டி பிறக்க 277 கருமுட்டைகளில் முயன்று 29 கருக்களே தேறின. அவற்றுள் பிழைத்தது ஒன்றே. 94 நலமான குழந்தைகளுக்கு எத்தனை பெண்களின் கருப்பைகள் பாழாகியிருக்கும் என்பதைப் படம் சொல்லாமலே விட்டுவிடுகிறது. அவுஷ்விட்ஸில் இரட்டைக் குழந்தைகளை வதைத்தவனைப் பற்றிய கதையில் இது சிறிய விடுபடல் அன்று.

கயல்விழி:
ஐயா சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். பட்டியலைப் பற்றி இளம்பரிதிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெங்கலேயின் மகன் ரோல்ஃப் 1977-இல் பிரேசிலுக்குச் சென்று தந்தையைச் சந்தித்தான். துளியும் வருந்தாத மனிதனைக் கண்டு வெறுத்துத் திரும்பினான்; ஆயினும் காட்டிக்கொடுக்கவில்லை. பாதி மரபணுவைப் பெற்றவன் கொலைகாரனாகவில்லை, ஆனால் வாய் திறக்கவும் இல்லை. என்னை உறுத்துவது அந்த மௌனம்தான். அதற்கும் இரத்தத்துக்கும் தொடர்பில்லை. லீபர்மன் பட்டியலை எரித்தது சரி என்றால், சில பிரதிகளில் வெட்டப்பட்ட அந்த இறுதிக் காட்சி எதற்கு? சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில், படியெடுக்கப்பட்டவர்களுள் ஒருவனான பாபி என்னும் சிறுவன், பிணங்களின் புகைப்படங்களை ரசித்துப் பார்க்கிறானே? அந்த முதியவரின் முடிவு பிழை என்று இயக்குநரே காதில் ஓதுவதாக எனக்குப் படுகிறது.

இளம்பரிதி:
அந்தக் காட்சியை நான் வேறு விதமாகப் புரிந்துகொண்டேன். பாபி தன் நாய்களை மெங்கலேயின் மேல் ஏவியது, தன் தந்தையைக் கொன்றவன் அவன் என்று தெரிந்த பிறகுதான். அந்தச் சினம் எந்தச் சிறுவனுக்கும் வரும். ஆனால் புகைப்படங்களைப் பார்க்கும்போது அவன் முகத்தில் தெரிவது சினம் இல்லை என்பதை, நீங்கள் எழுதிய பிறகு அக்காட்சியை மட்டும் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அங்கே படம் தன் வாதத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அக்காட்சி வெட்டப்பட்ட பிரதியையே இனி நண்பர்களுக்குப் பரிந்துரைப்பேன். பட்டியலை எரித்தது சரி என்பதில் மட்டும் நான் மாறவில்லை. எரிக்காமல் அந்த இளைஞன் கையில் கொடுத்திருந்தால், அடுத்த வாரமே ஏதோ ஓர் ஊரில் பதின்மூன்று வயதுப் பையனின் வீட்டுக் கதவு தட்டப்பட்டிருக்கும்.