பிள்ளைகளின் தியான வகுப்புக்கு ஒரு மணி தேவை

வணக்கம் உறவுகளே. கோண்டாவிலில் ஞாயிறு அறநெறி வகுப்பில 6–9 வயதுப் பிள்ளைகளுக்குத் தியானம் பழக்குறம். பாயில மல்லாக்கப் படுத்து, வயிற்றில வைத்த சின்னப் பொம்மை ஏறி இறங்குறதைப் பார்க்க வேணும். 3 நிமிடம் காணும். "நல்லா இழு" என்று சொன்னால் வேகவேகமா மூச்சுவிடுவினம். இரத்தத்தில காபனீரொட்சைட்டு குறைஞ்சு தலை சுற்றும். அதனால மூச்சை மாற்றச் சொல்லுறேல்லை. இருந்து தியானம் செய்யேக்க கண்மூடப் பயப்படுற பிள்ளை நிலத்தைப் பார்க்கட்டும், வற்புறுத்தவே கூடாது.

நாதம் நீண்டு ஒலிக்கிற வெண்கல மணி இருந்தால் இரவல் தாங்கோ. சத்தம் முழுசா அடங்கின பிறகு கை உயர்த்துற பயிற்சிக்கு எங்கட சின்ன மணி காணாது. கோயில் ஒலிபெருக்கி போடுற நேரத்தில பிள்ளைகளை எப்படி இருத்துறியள்? பழக்கின ஆசிரியர்மார் சொல்லுங்கோ.