உச்சி வெயிலில் புறக்கோட்டையைப் படம் எடுப்பது எப்படி?

வெள்ளவத்தைக்காரி:
மத்தியான இடைவேளையில் போனோடு கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் நடப்பேன். நேற்று குறுக்குத் தெருவில் ஒரு நாட்டாமி (சுமை தூக்குபவர்) தன் கைவண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தார். தலைக்குச் சுருட்டிய சாக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பாதி குடித்த செவ்விளநீர். அப்படியே நின்றுவிட்டேன். ஆனால் படத்தில் தெரு வெளுத்து, அவர் கறுத்த நிழலாகிவிட்டார். என்ன செய்யலாம்?

பழைய கமரா:
தங்கச்சி, ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். 12 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். போன் திரையில் வெயில் விழும் தெருவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். இருண்டதை அப்புறம் எடிட் செய்யும்போது வெளிச்சமாக்கலாம், வெளுத்தது திரும்பி வராது. இன்னொன்று, தூங்குகிறவர் முகத்தை எடுக்க எனக்கு மனம் வராது. சாக்கையும் செவ்விளநீரையும் எடுங்கள், அதுவே போதும்.

கோட்டை பஸ்:
ஏசி அறையிலிருந்து வந்த உடனே எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் பொறுங்கள். 1909இல் கட்டி முடித்த, புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் எனக்கு மாலை நாலரைக்குத்தான் சரியாக வந்தன.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணா சொன்னது சரி, முகம் தெரிகிற படத்தை அழித்துவிட்டேன். இன்று அதே வண்டி, அவர் விழித்திருந்தார். கேட்டேன், சிரித்துக்கொண்டே கைகளை நீட்டினார். கயிறு இழுத்த தழும்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருக்கின்றன.