தெர்மாகோல் சம்மனசு (தேவதூதர் சிலை), ரெசின் மேல உப்புத்தாள் ஓட மாட்டேங்குது, உதவி வேணும்

குளச்சல் குடில்:
அண்ணன்மாரே, எங்க தெரு கிறிஸ்துமஸ் குடிலுக்கு ரெண்டரை அடில தெர்மாகோல் சம்மனசு வெட்டி மேல இறுகுறதுக்கு எப்பாக்சி ரெசின் ரெண்டு கோட்டு அடிச்சேன், மூணு நாள் முன்ன சாயங்காலம் மழை பெய்ஞ்சிட்டு இருக்கும்போதான் அடிச்சது, இப்ப 120 நம்பர் உப்புத்தாள் வச்சு தேய்ச்சா பத்து இழுப்புலயே அடைச்சிருது, வெள்ளையா மெழுகு உருண்டை மாதிரி ஒட்டுது. றெக்கை ஓரத்துல தேய்ஞ்சு தெர்மாகோல் மணியும் வெளிய தெரியுது. ரெண்டு வாரமா உக்காந்து வெட்டுனது, வீணாப் போயிருமோன்னு பயமா இருக்கு.

தக்கலை:
தின்னர் தொட்டு துடைச்சிட்டு தேயுங்க, பிசுக்கு போயிரும்.

முட்டம் பட்டறை:
தின்னர் வேண்டவே வேண்டாம் தம்பி! மணி தெரியுற இடத்துல ஒரு சொட்டு இறங்குனாலும் உள்ள கரைஞ்சு குழியாயிரும், மேல ரெசின் மட்டும் முட்டைத்தோடு மாதிரி நிக்கும். மொதல்ல நகத்தால அழுத்திப் பாருங்க, தடம் விழுந்தா இன்னும் காயல. தடம் விழாம, ஈர விரலுக்கு சோப்பு மாதிரி வழுக்குனா அது ஹார்டனர்ல (ரெசினை இறுக வைக்க கலக்குறது) உள்ள அமீன்ங்கிற ரசாயனம், மழைக்காத்து ஈரத்துல மேல வந்து படிஞ்சிருக்கு. அது தண்ணியில கரையும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் வச்சு வெறும் தண்ணில கழுவி நல்லா காய விடுங்க, கழுவாம தேய்ச்சா அந்த மெழுகை கீறலுக்குள்ள அமுக்கி விட்ட மாதிரி ஆயிரும், பிறகு பெயிண்ட் உரிஞ்சு வரும். அப்புறம் 80, 120, 220 நம்பர் தாள்ல தேய்ச்சு, கடைசியா 320 தண்ணி தொட்டு. ஓரத்துல கையை லேசா வையுங்க, அங்கதான் ரெசின் மெலிசா நிக்கும். மாஸ்க் போடாம தேய்க்காதீங்க.

குளச்சல் குடில்:
தடம் விழல, வழுக்குது! றெக்கைக்கு பக்கத்து படகு பட்டறைல கொஞ்சம் ரெசின் வாங்கி பூசலாமா?

முட்டம் பட்டறை:
கூடாது. படகுக்கு அடிக்கிறது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின், அதுல ஸ்டைரீன்ங்கிற ரசாயனம் இருக்கு, தெர்மாகோலை அப்படியே தின்னுரும். அதே எப்பாக்சியில டால்க் பவுடர் குழைச்சு அப்புங்க. டப்பாவுல எடைக்கணக்கு போட்டிருந்தா தராசுல நிறுக்கணும், கப்புல அளக்காதீங்க, ஒரே கப் அளவுக்கு ரெசினை விட ஹார்டனர் எடை கம்மி. ஸ்ப்ரே பெயிண்டும் ஊசித்துளை வழியா இறங்கி தெர்மாகோலைக் கரைச்சிரும், தண்ணில கலக்குற பிரைமர் ரெண்டு கோட்டு அடிச்சிட்டு அக்ரிலிக் பெயிண்ட் போடுங்க.

குளச்சல் குடில்:
கழுவிட்டேன் அண்ணே. இப்ப 80 தாள்ல பச்சரிசி மாவு மாதிரி உதிருது, தாளைத் தட்டுனா சுத்தமாயிருது! றெக்கைக்கு அப்பி வச்சிருக்கேன். மழை விட்டிருக்கு, ஆனாலும் வீட்டுக்குள்ளதான் வச்சிருக்கேன்.

முட்டம் பட்டறை:
சரி தம்பி. ஒட்டு போட்ட இடத்தையும் கழுவிட்டு தேயுங்க.