காற்று-நீர் ஹீட் பம்ப்: எந்த வகை உண்மையில் சிக்கனம்?

வணக்கம் நண்பர்களே. வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தைத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்ப் வைக்க நினைக்கிறோம். இரண்டு வாரமாக விவரத்தாள்களைப் படித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

முதல் குழப்பம் சிஓபி எண்தான், அதாவது செலவாகும் மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு வெப்பம் கிடைக்கிறது என்ற கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 4.5 யூனிட் வெப்பம் என்று பெரிதாகப் போடுகிறார்கள். ஆனால் அது வெளியே 7 டிகிரி, குழாயில் போகும் தண்ணீர் 35 டிகிரி என்ற நிலையில் எடுத்த அளவு. அறையைச் சூடாக்கத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டுக்கு அது பொருந்தும். எங்களிடம் இருப்பவை பழைய ரேடியேட்டர்கள், அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடுகள்; அவை 50 அல்லது 55 டிகிரி கேட்கும். அந்தச் சூட்டில் அதே இயந்திரம் 3-ஐ ஒட்டி இறங்கிவிடலாம். ஆகவே 55 டிகிரிக்கான எஸ்சிஓபியை, அதாவது பருவம் முழுவதற்குமான கணக்கை வைத்து ஒப்பிடுவதே நியாயம் என்று படுகிறது. சரிதானே?

அப்புறம், இயந்திரத்துக்கு உள்ளே சுற்றி வெப்பத்தைக் கடத்தும் வாயு. ஆர்290, அதாவது புரொப்பேன், 70 டிகிரியிலும் தண்ணீர் தரும் என்பதால் என் மனம் அதன் பக்கம் சாய்கிறது. கார்பன் டை ஆக்சைடு வகை குளிர்ந்த நீரைக் குளியலுக்குச் சூடாக்குவதில் கெட்டி; ரேடியேட்டரிலிருந்து வெதுவெதுப்பாகத் திரும்பும் நீர் என்றால் அதன் திறன் விழுந்துவிடும். அதை ஒதுக்கிவிட்டேன்.

மோனோபிளாக் (வாயுச் சுற்று முழுவதும் வெளி அலகிலேயே இருப்பது), ஸ்பிளிட் (வெளி அலகு, உள் அலகு எனப் பிரிந்திருப்பது) இரண்டில் எதையாவது ரேடியேட்டரோடு ஓட்டுபவர்கள், மின் மீட்டரும் வெப்ப மீட்டரும் காட்டிய குளிர்கால அளவுகளைச் சொல்ல முடியுமா? தண்ணீர் எத்தனை டிகிரியில் போனது, வெளி அலகில் படியும் பனியை உருக்க எவ்வளவு அடிக்கடி நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.