மூன்று சிறு குப்பிகளும் ஒரு குலுக்கலும்

குழு: மால்ட் மருமக்கள்
உறுப்பினர்கள்: புதுச்சேரி மாமா, பெங்களூரு அக்கா, கிளாஸ்கோ அண்ணன், சிங்கப்பூர் தம்பி, நான்

நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

[மாலை 5:02] சிங்கப்பூர் தம்பி: குலுக்கலில் எனக்கு விழவில்லை. இது மூன்றாவது முறை. ஸ்பிரிங்பேங்க் லோக்கல் பார்லி விஸ்கி. இந்தக் கடைக்கு வந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய பாட்டில்கள்தானாம்.

[மாலை 5:03] சிங்கப்பூர் தம்பி: ஒருவர் இணையத்தில் விற்கிறார். கடை விலையைப்போல மூன்று மடங்கு கேட்கிறார். இன்று இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்கிவிடட்டுமா?

[மாலை 5:04] பெங்களூரு அக்கா: வாங்காதே.

[மாலை 5:05] பெங்களூரு அக்கா: போன வருடம் இப்படித்தான் அவசரப்பட்டு வாங்கினாய். அந்த பாட்டில் என்ன ஆனது?

[மாலை 5:06] சிங்கப்பூர் தம்பி: தக்கை உலர்ந்துபோய் கால்வாசி ஒழுகிவிட்டது. விற்றவர் அதற்குப் பிறகு பதிலே போடவில்லை.

[மாலை 5:07] புதுச்சேரி மாமா: பணமாவது திரும்பியதா மருமகனே?

[மாலை 5:07] சிங்கப்பூர் தம்பி: இல்லை மாமா.

[மாலை 5:15] கிளாஸ்கோ அண்ணன்: இப்போதுதான் பார்த்தேன். இங்கே இன்னும் மதியம் ஆகவில்லை. தம்பி, உன் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. நானும் இரண்டு முறை பெயர் கொடுத்துக் கிடைக்காமல் இருந்தவன். ஆனால் ஸ்பிரிங்பேங்க் இருக்கும் ஸ்காட்லாந்து ஊரான கேம்பெல்டவுனுக்குப் போய்ப் பார்த்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. 1828-இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவந்த வடிசாலை அது. தனக்கு வேண்டிய மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமையை, முழுவதும் அங்கேயே செய்துகொள்கிறது. ஊறிய வாற்கோதுமையைக் கல்தரையில் பரப்பி, ஆட்கள் கையால் புரட்டிப் புரட்டி முளைக்க வைக்கிறார்கள். நம் ஊரில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவுவதைப் போன்ற வேலைதான். அதை வேகப்படுத்த முடியாது. கேட்பவர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள். குலுக்கல் போடாமல் வேறு என்ன செய்வார்கள்?

[மாலை 5:17] கிளாஸ்கோ அண்ணன்: மூன்று மடங்கு கேட்பவருக்கு இந்த உழைப்பில் பங்கு இல்லை. மேலும், 2022-க்குப் பிறகு ஏலங்களில் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கி அடுக்கியவர்கள் இப்போது விற்கப் பார்க்கிறார்கள்.

[மாலை 5:20] நான்: அண்ணா, எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறதே, எது வருகிறது என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? கடையில் பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது.

[மாலை 5:26] கிளாஸ்கோ அண்ணன்: அமெரிக்காவில் விற்க வேண்டிய மதுபானத்தின் லேபிளுக்கு டிடிபி என்ற அரசுத் துறை ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் பெற்ற லேபிள்களை அந்தத் துறை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நிறுவனம் அறிவிப்பதற்குப் பல மாதம் முன்பே அங்கே லேபிள் தெரிந்துவிடும். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அதைத் தவிர இரண்டு பருவங்களை நினைவில் வைத்துக்கொள்: மே மாதக் கடைசியில் ஐலா தீவில் நடக்கும் ஃபேஷ் ஈலா விழா, அப்போது வடிசாலைகள் தனித்தனியாக ஒரு பாட்டில் வெளியிடும். பிறகு இலையுதிர் காலத்தில் டியாஜியோ நிறுவனத்தின் ஸ்பெஷல் ரிலீசஸ் என்ற விஸ்கி வரிசை. 2001-இலிருந்து வருகிறது.

[மாலை 5:28] புதுச்சேரி மாமா: மூடிக்கிடந்த போர்ட் எலன் வடிசாலையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்தேன். அதன் புது விஸ்கி கிடைக்குமா?

[மாலை 5:31] கிளாஸ்கோ அண்ணன்: நல்ல கேள்வி மாமா. 1983-இல் மூடியதை 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச். மூன்று ஆண்டு ஆனதும் உடனே பாட்டிலில் அடைத்துவிடவும் மாட்டார்கள். அதனால் இப்போது அந்தப் பெயரில் 'புதிய வெளியீடு' என்று வருவது மூடுவதற்கு முன் வடித்த பழைய சரக்கு. 2021-இல் மறுபடி திறந்த பிரோரா வடிசாலையும் அதே கதைதான். வெளியீடு புதிது, உள்ளே இருப்பது நம் தம்பியைவிட மூத்தது.

[மாலை 5:33] பெங்களூரு அக்கா: தம்பி, போன வாரம் விமான நிலையக் கடையில் ஒரு 'லிமிடெட் எடிஷன்' பார்த்ததாகச் சொன்னாயே, லேபிளின் பின்பக்கத்தைப் படம் எடுத்தாயா?

[மாலை 5:34] சிங்கப்பூர் தம்பி: (படம்)

[மாலை 5:38] பெங்களூரு அக்கா: பார்த்தேன். ஆல்கஹால் 40 சதவீதம். வயது போடவில்லை. எந்தப் பீப்பாய் என்பதற்குப் பதில் 'அரிய பீப்பாய்கள்' என்று இருக்கிறது. நிறம் சேர்த்தார்களா, குளிரவைத்து வடிகட்டினார்களா, ஒன்றும் இல்லை. பெட்டியில் மட்டும் தங்க எழுத்து. ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் அதை லேபிளிலேயே சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தால் அதே விஸ்கியின் ஜெர்மன் லேபிளைத் தேடிப் படிப்பேன். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாத பாட்டிலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

[மாலை 5:40] சிங்கப்பூர் தம்பி: அப்படிப் பார்த்தால் உங்கள் பெங்களூரு அம்ருத் ஃப்யூஷனிலும் வயது இல்லையே அக்கா? இன்று இரவு நாம் சுவைக்கப் போவதில் அதுவும் ஒன்று.

[மாலை 5:49] பெங்களூரு அக்கா: இதை விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஸ்காட்லாந்துக் கிடங்கில் ஒரு பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். எங்கள் பெங்களூரில் அது 10 சதவீதத்துக்கும் மேல். 10 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 200 லிட்டர் பீப்பாயை 12 ஆண்டு வைத்தால் அங்கே 157 லிட்டர் மிஞ்சும், இங்கே 56 லிட்டர்தான். அங்கே 12 ஆண்டில் மரம் கொடுப்பதை இங்கே வெயில் நாலைந்து ஆண்டில் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அந்த நாலையும் ஐந்தையும் லேபிளில் போட்டால் '12' பார்த்துப் பழகியவர்கள் கையில் எடுத்துப் பார்க்காமலே போய்விடுவார்கள். ஃப்யூஷன் மற்ற விவரங்களை மறைக்கவில்லை. 50 சதவீதம். இந்திய வாற்கோதுமை ஒரு பக்கம், பீட் என்ற சதுப்பு நிலத்து மண்ணை எரித்துப் புகை ஏற்றிய ஸ்காட்லாந்து வாற்கோதுமை ஒரு பக்கம், தனித்தனியாக வடித்துப் பிறகு சேர்க்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெயர். 2010-இல் விஸ்கி விமர்சகர் ஜிம் மரே தன் விஸ்கி பைபிள் புத்தகத்தில் உலகின் மூன்றாம் சிறந்த விஸ்கி என்று எழுதியது இதைத்தான்.

[மாலை 5:51] கிளாஸ்கோ அண்ணன்: அதற்கும் முன்னால், அம்ருத் சிங்கிள் மால்ட் முதலில் விற்பனைக்கு வந்த இடம் இந்தியா இல்லை. 2004 ஆகஸ்டில், இதே கிளாஸ்கோவில். ஸ்காட்ச்சின் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

[மாலை 5:53] புதுச்சேரி மாமா: இனிமேல் ஸ்காட்ச்சும் இங்கே மலிவாகும் என்கிறார்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தின்படி இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 75, பத்தாம் ஆண்டில் 40. பத்தாம் ஆண்டில் எனக்கு எழுபத்தெட்டு வயது. இருந்து பார்ப்பேன்.

[மாலை 5:54] நான்: எட்டரைக்கு எல்லோரும் தயாராக இருங்கள். ஆகஸ்டில் அண்ணன் நிரப்பிக் கொடுத்த 30 மில்லி குப்பிகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றனவா?

[மாலை 5:55] சிங்கப்பூர் தம்பி: இருக்கின்றன. எனக்கு அப்போது இரவு 11 மணி. பரவாயில்லை.

[மாலை 5:56] கிளாஸ்கோ அண்ணன்: கழுத்துவரை நிரப்பியிருந்தேன், உள்ளே காற்றுக்கு இடமில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றும் ஆகாது. அரைக்குப்பியாக வைத்திருந்தால் வாசனை இந்நேரம் தளர்ந்திருக்கும். துலிப் பூ வடிவக் கிளாஸ் இருந்தால் அதில் ஊற்றுங்கள். இரவுச் சாப்பாட்டில் பூண்டு ஊறுகாய் வேண்டாம்.

[மாலை 5:57] புதுச்சேரி மாமா: மருத்துவர் எனக்குச் சொன்ன அளவு மொத்தமே 30. ஒவ்வொன்றிலும் 10 எடுத்துக்கொள்கிறேன். மீதி அடுத்த ஞாயிறுக்கு.

[இரவு 8:33] நான்: முதல் குப்பி: ஸ்பிரிங்பேங்க் 10 ஆண்டு, 46 சதவீதம். அவரவர் மூக்குக்கு வந்ததை எழுதுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல்.

[இரவு 8:37] சிங்கப்பூர் தம்பி: பேரிக்காய், கடல் உப்பு, லேசான பீட், ஹெதர் பூ.

[இரவு 8:38] புதுச்சேரி மாமா: ஹெதர் பூவை நீ பார்த்திருக்கிறாயா மருமகனே?

[இரவு 8:39] சிங்கப்பூர் தம்பி: இல்லை. விமர்சனங்களில் எப்போதும் வரும்.

[இரவு 8:42] புதுச்சேரி மாமா: எனக்கு வருவது செக்கடி வாசனை. எள் ஆட்டும்போது எண்ணெயும் புண்ணாக்கும் பிரியும் நேரத்தில் ஒரு இனிப்பு வாடை எழும். அதன்மேல் உப்பளக் காற்று. விழுங்கிய பிறகும் எண்ணெய்ப் பசை நாக்கில் நிற்கிறது. இதை நான் வேறு எந்த விஸ்கியிலும் கண்டதில்லை.

[இரவு 8:44] கிளாஸ்கோ அண்ணன்: மாமா, அந்தப் பசைதான் அந்த வடிசாலையின் அடையாளமே. ஒரு பகுதியை இரண்டு முறையும் மீதியை மூன்று முறையும் வடிப்பார்கள், இரண்டரை முறை வடித்தல் என்று சொல்வார்கள். லோக்கல் பார்லி என்பது பக்கத்துப் பண்ணைகளில் விளைந்த வாற்கோதுமையை வைத்து அதே முறையில் செய்வது. எண்ணெயும் தானியமும் இன்னும் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். தாய் ஒன்றுதான்.

[இரவு 8:46] சிங்கப்பூர் தம்பி: மறுபடி முகர்ந்தேன். ஆமாம், எண்ணெய். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றியதும் வரும் வாசனை. இது இத்தனை நாள் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

[இரவு 8:55] நான்: இரண்டாவது, அம்ருத் ஃப்யூஷன். எனக்கு ஆரஞ்சுத் தோலும் சுட்ட சோளக்கதிரும்.

[இரவு 8:57] பெங்களூரு அக்கா: கருப்பட்டிப் பாகு. அடிப்பிடிக்கப் போகும் நேரத்துப் பாகு. அதில் ஏலக்காய் தட்டிப் போட்டால் எப்படியோ அப்படி.

[இரவு 8:58] சிங்கப்பூர் தம்பி: காரமாக மூக்கில் ஏறுகிறது.

[இரவு 9:00] பெங்களூரு அக்கா: 50 சதவீதம் அல்லவா? நாலு சொட்டு நீர் விடு. வெறும் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. புகை வாசனை தரும் குவாயகால் என்ற மூலக்கூறு ஆல்கஹால் அதிகமாக இருந்தால் அதற்குள் கரைந்து கிடக்கும். நீர் சேர்ந்ததும் மேற்பரப்புக்கு வரும். சுவீடனில் இரண்டு வேதியியலாளர்கள் 2017-இல் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

[இரவு 9:03] சிங்கப்பூர் தம்பி: விட்டேன். காரம் அடங்கிவிட்டது, புகை வந்துவிட்டது. மாம்பழ வற்றல் மாதிரியும் ஏதோ ஒன்று. அக்கா, வயது இல்லை என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

[இரவு 9:12] நான்: மூன்றாவது. லகவூலின் 16.

[இரவு 9:16] புதுச்சேரி மாமா: பின்கட்டு.

[இரவு 9:16] பெங்களூரு அக்கா: மாமா, நானும் அதையேதான் எழுத வந்தேன்!

[இரவு 9:19] புதுச்சேரி மாமா: நம் பழைய வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் அண்டா இருந்தது. மார்கழியில் அம்மா நாலரை மணிக்கே அடுப்பு மூட்டுவாள். தென்னை மட்டை பனியில் நனைந்திருக்கும். தீ பிடிக்காமல் முதலில் புகைதான் வரும். அந்தப் புகை தலைமுடியில் ஏறி, குளித்த பிறகும் நிற்கும். இந்தக் கிளாஸில் அது அப்படியே இருக்கிறது. ஐலாவில் பீட் மண்ணை எரித்து வாற்கோதுமையைக் காயவைக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும், எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருகிறாள்.

[இரவு 9:21] கிளாஸ்கோ அண்ணன்: மாமா...

[இரவு 9:24] சிங்கப்பூர் தம்பி: அந்தப் பின்கட்டை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே இடித்துவிட்டீர்கள். எனக்கு எப்படி அந்த வாசனை வரும்?

[இரவு 9:26] பெங்களூரு அக்கா: எங்கள் வாசனை உனக்கு வர வேண்டியதில்லை தம்பி. கிளாஸை இரண்டு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி எடு. ஒன்றையும் தேடாமல் முகர்ந்து பார்.

[இரவு 9:33] சிங்கப்பூர் தம்பி: லாவ் பா சாட், இங்கே இருக்கும் உணவுச் சந்தை. மாலை ஏழு மணிக்குத் தெருவை மறித்து மேசை போடுவார்கள். சாத்தே சுடும் கரி அடுப்புகள் வரிசையாக எரியும். கொழுப்பு சொட்டிக் கரியில் விழுந்ததும் ஒரு புகை கிளம்பும், அதில் இனிப்பு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தினமும் அந்த வழியாகத்தான் நடந்து போவேன். ஊர் நினைவாகவே இருக்கும். அதே புகை.

[இரவு 9:34] புதுச்சேரி மாமா: இதை எழுது. ஹெதர் பூவை அடித்துவிட்டு இதைக் குறிப்பேட்டில் எழுது.

[இரவு 9:35] நான்: எழுதிக்கொண்டிருக்கிறேன் மாமா. லகவூலினுக்கு இரண்டு வரி. பின்கட்டு, லாவ் பா சாட்.

[இரவு 9:41] சிங்கப்பூர் தம்பி: மூன்று மடங்கு கேட்டவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் ஸ்பிரிங்பேங்க் 10 ஒன்று வாங்கிவிட்டு, மிச்சத்தைப் பொங்கல் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். வரும்போது பாட்டிலைத் திறக்காமல் கொண்டுவருகிறேன்.

[இரவு 9:44] கிளாஸ்கோ அண்ணன்: அப்படியானால் நானும் ஒன்று சொல்கிறேன். இங்கே ஒரு நண்பருக்குக் குலுக்கலில் அந்த லோக்கல் பார்லி விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை திறக்கிறார், என்னையும் அழைத்திருக்கிறார். உனக்கு ஒரு 30 மில்லி கேட்டு வாங்கி வைக்கிறேன். பொங்கலுக்கு என்னோடு வரும்.

[இரவு 9:45] சிங்கப்பூர் தம்பி: அண்ணா!

[இரவு 9:46] புதுச்சேரி மாமா: கழுத்துவரை நிரப்பு.