அரபு நாடுகளுக்குள் ஏன் இன்னும் ஒரே சந்தை வரவில்லை?

ஜபல்அலி தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் நாலு வருஷமாக டாக்குமென்டேஷன் பார்க்கிறேன், சவூதிக்குப் போகும் டிரெய்லர்களுக்குப் பேப்பர் போடும் வேலை. போன வாரம் எங்கள் வண்டி ஒன்று அமீரகத்திலிருந்து சவூதிக்குள் நுழைகிற பத்தா எல்லையில் மூன்று நாள் நின்றுவிட்டது. ஃப்ரீ ஸோனில் செய்த பிளாஸ்டிக் சாமான். ஜிசிசிக்குள் (சவூதி, அமீரகம், கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் சேர்ந்த வளைகுடா நாடுகளின் கூட்டமைப்பு) வரி இல்லை என்று நம்பி கஸ்டமர் விலை பேசி முடித்துவிட்டார், அங்கே போனால் வெளிநாட்டுச் சரக்குக்குப் போடுகிற மாதிரி வரி கட்டச் சொல்கிறார்கள். டிரைவர் பெஷாவர்க்காரர், வயசானவர், அந்த வெயிலில் வண்டியிலேயே கிடந்தார். எனக்கு அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

அப்போதிலிருந்து ஒரே கேள்வி. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் 1945-லேயே வந்துவிட்டது. பேசுவது ஒரே மொழி, பணக்கார நாடுகள் பக்கத்துப் பக்கத்தில். ஐரோப்பாக்காரர்கள் ஒருவரை ஒருவர் குண்டு போட்டு அழித்துக்கொண்டவர்கள், மொழியும் இருபதுக்கு மேல், அவர்களால் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்மாம்வாசி:
தம்பி, முதலில் உங்கள் சரக்கு. 2003 ஜனவரியில் ஜிசிசி சுங்க ஒன்றியம் தொடங்கியது. ஆறு நாட்டுக்கும் வெளியிலிருந்து வரும் சரக்குக்குப் பொதுவாக 5 சதவீதம் வரி, முதலில் இறங்குகிற துறைமுகத்தில் ஒரு தடவை கட்டினால் போதும், அப்புறம் உள்ளே எங்கும் போகலாம் என்பது ஏற்பாடு. ஃப்ரீ ஸோன் அந்த வேலிக்கு வெளியே நிற்கிற இடம். அங்கே வரி கட்டாமல் மூலப்பொருள் இறக்கிச் செய்த சாமான் என்பதால் உள்நாட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2021 ஜூலையில் சவூதி இதை இன்னும் இறுக்கியது. ஃப்ரீ ஸோன் பொருளுக்குச் சலுகை இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள், மற்ற தொழிற்சாலைகளுக்கும் குறைந்தது 40 சதவீத மதிப்பு அங்கேயே கூடியிருக்க வேண்டும், உள்ளூர் ஆட்கள் வேலையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே பல பொருட்களுக்கு சவூதி வரியைத் தனியாக உயர்த்திவிட்டது. பொது வரி என்று பெயர், ஆனால் பொதுவாக இல்லை.

ஏன் என்றால், எல்லோரும் இப்போது ஒரே இடத்தை நோக்கி ஓடுகிறார்கள். எண்ணெய்க்கு அப்பால் தொழிற்சாலை வேண்டும், துறைமுகம் வேண்டும், பெரிய கம்பெனிகளின் தலைமை அலுவலகம் தன் ஊரில் இருக்க வேண்டும். துபாய் நாற்பது வருஷமாகக் கட்டியதை ரியாத் பத்து வருஷத்தில் கட்டப் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கூட்டாளியும்தான், போட்டிக்காரரும்தான். ஜிசிசி நாடுகளுக்கு ஒரே நாணயம் என்ற திட்டமும் அப்படித்தான் நின்றது. ஓமன் முதலிலேயே விலகியது, அதற்கான மத்திய வங்கி ரியாத்தில் என்று முடிவானதும் 2009 மே மாதம் அமீரகமும் விலகியது.

பழைய தாள்:
தம்மாம் அண்ணன் சொன்னது ஜிசிசி கதை. மொத்த அரபு உலகம் என்று பார்த்தால் இன்னும் பழசு. ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1957-ல்தான் அரபுப் பொருளாதார ஒற்றுமை ஒப்பந்தமும் வந்தது. 1964-ல் எகிப்து, இராக், ஜோர்டான், சிரியா நாலும் சேர்ந்து அரபுப் பொதுச் சந்தை என்று முடிவெடுத்தன. ஆனால் அங்கே வரியைக் குறைத்து என்ன பயன்? எகிப்திலும் சிரியாவிலும் பெரிய ஆலைகள் அரசு கையில், எதை இறக்குவது எவ்வளவு இறக்குவது என்பதை அமைச்சகமே முடிவு செய்தது. ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு துணி ஆலை, ஒரு சிமென்ட் ஆலை போட்டு அதைக் காப்பாற்றத்தான் பார்த்தது.

அப்புறம் 1998-ல் காஃப்டா, அதாவது பெரிய அரபுத் தடையற்ற வணிகப் பகுதி. வருஷத்துக்கு வருஷம் குறைத்து 2005 ஜனவரியில் பெரும்பாலான சரக்குக்கு வரியைப் பூஜ்யம் ஆக்கினார்கள். இது உண்மையான சாதனைதான், யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் வரி போன இடத்தில் லைசென்ஸ், தரச் சான்று, லாரி மாற்றி ஏற்று என்று வேறு தடைகள் உட்கார்ந்துகொண்டன. அரபு நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கு மேல். எண்ணெய் விற்கிற நாட்டுக்கு இன்னொரு எண்ணெய் நாடு எப்படி கஸ்டமர் ஆகும்? வாங்குகிறவர்கள் சீனா, ஜப்பான், இந்தியா.

உண்மையில் எல்லை தாண்டியது சரக்கை விட ஆட்கள். எகிப்தியர், யேமனியர், பாலஸ்தீனியர், ஜோர்டானியர் அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ ஊர்களில் வீடு எழும்பியது. அதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1990-ல் இராக் குவைத்தைப் பிடித்த விஷயத்தில் யேமன் அரசு எடுத்த நிலைக்காக, சவூதியில் ஸ்பான்சர் இல்லாமலே வேலை பார்க்க யேமனியர்களுக்கு இருந்த சலுகை பறிபோய் ஏறக்குறைய 8 லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள். அரசு எடுத்த முடிவுக்கு ரொட்டிக்கடைக்காரர் விலை கொடுத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெல்டர் அண்ணாச்சி:
நான் அல்ஜீரியாவில் கேஸ் பிளான்ட் வேலையில் இருந்தவன். மொராக்கோவோடு தரை எல்லை 1994-லிருந்து மூடிக்கிடக்கிறது. அல்ஜீரியப் பக்கம் மக்னியாவுக்கும் மொராக்கோ பக்கம் உஜ்தாவுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். 1989-ல் ஐந்து வட ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து மக்ரெப் ஒன்றியம் தொடங்கியும் இந்த நிலை. மொராக்கோ தன்னுடையது என்றும் அல்ஜீரியா அதை ஏற்காமலும் நிற்கிற மேற்கு சஹாரா தகராறு தீராமல் ஒன்றும் நகராது. அல்ஜீரிய கேஸ் மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன குழாயையும் 2021 அக்டோபர் கடைசியில் நிறுத்திவிட்டார்கள்.

தோஹா டீச்சர்:
எல்லாம் தோல்வி என்பதுபோல் பேசுகிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017 ஜூன் 5 அன்று நான் தோஹாவில் இருந்தேன். நோன்பு மாதம். சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நாலும் உறவை முறித்து, கத்தாருக்கு இருந்த ஒரே தரை வழியான சல்வா எல்லையை மூடியதும் அன்று மாலையே கடையில் பால், கோழி வைக்கும் தட்டெல்லாம் காலி. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஒரே ஒரு பால் டப்பாவுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். சில நாளில் துருக்கிப் பாலும் ஈரான் காய்கறியும் வந்தன, துபாயின் ஜபல் அலி துறைமுகம் வழியாக வந்த பெட்டிகள் ஓமனின் சொஹார் துறைமுகம் வழியாக வர ஆரம்பித்தன. ஜிசிசியில் இருந்துகொண்டே ஓமனும் குவைத்தும் கதவை மூடவில்லை என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. கத்தாரிலிருந்து அமீரகத்துக்குக் கடலடியில் போகும் டால்ஃபின் கேஸ் குழாய் அந்த மூன்றரை வருஷமும் ஒரு நாள்கூட அடைக்கப்படவில்லை. விமானம் பறக்கத் தடை, கப்பலுக்குத் தடை, ஆனால் துபாயில் ஏசி ஓட கத்தார் கேஸ் போய்க்கொண்டே இருந்தது. அடைத்தால் இரண்டு பக்கமும் அடி. 2021 ஜனவரியில் சவூதியின் அல்-உலாவில் சமாதானம் ஆனது. அதனால் பெரிய ஒப்பந்தங்களை விட இந்த மாதிரிக் குழாய், மின்கம்பி, சவூதி-பஹ்ரைன் பாலம், சவூதி-ஓமன் பாலைவனச் சாலை, இவைதான் உண்மையான சேர்க்கை என்று நினைக்கிறேன். வெட்டினால் வெட்டியவருக்கும் வலிக்க வேண்டும்.

ஜபல்அலி தம்பி:
டீச்சர் அக்கா, குழாய் விஷயம் இப்போதுதான் தெரியும். தம்மாம் அண்ணா, ஒரு சந்தேகம். இதே சாமானை ஃப்ரீ ஸோனுக்கு வெளியே உள்ள எங்கள் கஸ்டமரின் இன்னொரு ஆலையில் செய்து அனுப்பினால் வரி இல்லாமல் போகுமா?

தம்மாம்வாசி:
போகும், 40 சதவீதக் கணக்கும் உள்ளூர் ஆட்கள் கணக்கும் சரியாக இருந்தால். ஒரிஜின் சர்டிஃபிகேட்டை வண்டி கிளம்பும் முன்பே எடுத்து, இன்வாய்ஸில் உள்ள அதே பெயர், அதே எச்எஸ் கோடு (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த டிரைவருக்கு நின்ற மூன்று நாள் படியை கம்பெனியிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள் தம்பி, அவராகக் கேட்க மாட்டார்.